முதல் பதினான்கு நாட்கள்

பிறந்த குழந்தை வீறிட்டு அழுது, நன்றாகப் பால் குடித்து, எடையும் நிறமும் சரியாக இருந்துவிட்டால், தாயும் சேயும் நலம் என்று குடும்பம் நிம்மதியடைகிறது. மருத்துவமனையும் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. பெரும்பாலான குழந்தைகளைப் பொறுத்தவரை அந்த நிம்மதி நியாயமானதே. ஆனால், பிறவி நோய்களில் சில, பிறந்த நாளில் எந்த அடையாளத்தையும் காட்டாமல் இருந்துவிட்டு, அடுத்த சில நாட்களிலோ வாரங்களிலோ குழந்தையின் உயிரையோ மூளை வளர்ச்சியையோ பறித்துவிடுகின்றன. அடையாளம் வெளிப்பட்ட பிறகு கண்டுபிடித்தால் இழந்ததை மீட்க முடியாது. அடையாளம் வெளிப்படும் முன்பே கண்டுபிடித்தால், அவற்றில் பலவற்றை ஒரு மாத்திரையாலோ உணவு மாற்றத்தாலோ கட்டுப்படுத்திவிடலாம். நலமாகத் தோன்றும் எல்லாக் குழந்தைகளையும் ஒன்றுவிடாமல் சோதித்து, அவர்களுள் நோய் இருக்கக்கூடிய சிலரைப் பிரித்தெடுக்கும் முறையான பச்சிளங்குழந்தை ஸ்கிரீனிங், அதாவது முன்னறி பரிசோதனை, இந்த ஒரு காரணத்தால்தான் தோன்றியது.

முன்னறி பரிசோதனை என்பது நோயை உறுதிசெய்யும் பரிசோதனை அன்று. அது ஐயத்தை எழுப்புகிறது. அந்த ஐயம் சரியா என்பதை இன்னொரு, மேலும் துல்லியமான பரிசோதனைதான் சொல்ல வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்தால் பெற்றோர் தேவையில்லாமல் கலங்குவர். மருத்துவமனையோ முதல் பரிசோதனையோடு தன் கடமை முடிந்ததாகக் கருதிவிடும்.

சமத்துக் குழந்தை

இந்தப் பரிசோதனை ஏன் தேவை என்பதை விளங்கிக்கொள்ள, பிறவித் தைராய்டு குறைபாடு என்ற ஒரே நோயைச் சற்று நெருங்கிப் பார்த்தாலே போதும். கழுத்தின் முன்பக்கத்தில் உள்ள தைராய்டு சுரப்பி, உணவில் கிடைக்கும் அயோடினைக் கொண்டு தைராக்ஸின் என்னும் ஹார்மோனை உருவாக்குகிறது; உடலின் வளர்சிதை மாற்றத்தை ஒழுங்குபடுத்துகிற அந்த ஹார்மோன், பிறந்தது முதல் ஏறத்தாழ மூன்று வயது வரை மூளையின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது. சில குழந்தைகளுக்கு இந்தச் சுரப்பியே உருவாவதில்லை. சிலருக்கு, கருவில் நாக்கின் அடிப்பகுதியில் தோன்றும் சுரப்பி கழுத்துக்கு இறங்கி வராமல் வழியிலேயே நின்றுவிடுகிறது. இன்னும் சிலருக்குச் சுரப்பி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தும், ஹார்மோனைத் தயாரிக்கும் நொதிகளுள் ஒன்று பழுதுபட்டிருக்கிறது. கருவில் இருக்கும்வரை தாயின் தைராக்ஸின் ஓரளவு நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குக் கிடைத்துவிடுவதால், குழந்தை பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் பிறக்கிறது. தொப்புள்கொடியை அறுத்ததும் அந்த வரவு நின்றுபோகிறது; இருப்பில் உள்ளது சில நாட்களில் தீர்ந்துவிடுகிறது.

அதன் பின்னரும் நோய் தன்னை உடனே வெளிப்படுத்திக்கொள்வதில்லை. இந்தக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோரிடம் பிறந்தபோது எந்த அறிகுறியும் தென்படுவதில்லை என்பது உலகெங்கும் மருத்துவர்கள் கண்ட அனுபவம். குழந்தை நீண்ட நேரம் உறங்குகிறது, அதிகம் அழுவதில்லை, பாலுக்கு எழுப்ப வேண்டியிருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் அதனைத் தொந்தரவே தராத சமத்துக் குழந்தை என்று பாராட்டுகிறார்கள். இரண்டு வாரங்களைக் கடந்தும் வடியாத மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், தொப்புள் புடைப்பு, கரகரத்த அழுகை, வாய்க்கு வெளியே நீளும் தடித்த நாக்கு என்று அறிகுறிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, மருத்துவருக்கு ஐயம் தோன்றும்போது இரண்டு, மூன்று மாதங்கள் கடந்துவிடுகின்றன. பரிசோதனை முறைகள் வருவதற்கு முந்தைய காலத்தில், அறிகுறிகளைக் கொண்டே நோய் கண்டறியப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 1972இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மூன்று மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கியவர்களின் சராசரி அறிவுத்திறன் எண் 89 என்றும், ஆறு மாதங்களுக்குப் பின் தொடங்கியவர்களின் சராசரி 54 என்றும் காட்டியது. ஒரே நோய், ஒரே மருந்து. தொடங்கிய நாள் மட்டுமே வேறு. எனவேதான் இன்றைய வழிகாட்டுதல்கள் பிறந்த இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்று வலியுறுத்துகின்றன.

அந்தச் சிகிச்சையின் எளிமையைப் பார்த்தால், தாமதத்தால் நேரும் இழப்பு மேலும் உறுத்துகிறது. லெவோதைராக்ஸின் என்ற மாத்திரை, உடல் தானே உருவாக்கும் தைராக்ஸினோடு வேதியியல் அமைப்பில் வேறுபாடற்றது. ஒரு நாள் அளவு ஓரிரு ரூபாய்க்குள் அடங்குவது. குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மைக்ரோகிராம் என்ற கணக்கில், அதாவது மூன்று கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 மைக்ரோகிராம் வரை, மருத்துவர் அளவை முடிவுசெய்கிறார். மாத்திரையைப் பொடித்து, பாலாடையில் சில சொட்டுத் தாய்ப்பாலோடு கலந்து புகட்டினால் போதும். இரும்புச்சத்து, கால்சியம் மருந்துகளை அதே நேரத்தில் கொடுக்காமல் இருப்பது ஒன்றே முக்கியமான எச்சரிக்கை. இதைத் தவறாமல் பெற்ற குழந்தை பள்ளிக்குச் செல்லும், படிக்கும், வேலைக்குப் போகும், குடும்பம் நடத்தும். பெறாத குழந்தையின் வாழ்வும், அதனைக் காலமெல்லாம் தூக்கிச் சுமக்கும் தாயின் வாழ்வும் எவ்வாறு அமையும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

வடிதாளில் வந்த புரட்சி

ஆனாலும், உலகின் முதல் முன்னறி பரிசோதனை தைராய்டுக்காகத் தோன்றவில்லை. நார்வே நாட்டில் 1934ஆம் ஆண்டு, மனவளர்ச்சி குன்றிய தன் இரு பிள்ளைகளிடமிருந்தும் ஒருவித வாடை வீசுவதன் காரணத்தை அறியாமல் விடமாட்டேன் என்று மருத்துவர் மருத்துவராக அலைந்த ஒரு தாய், வேதியியலும் கற்ற மருத்துவரான ஆஸ்பியோர்ன் ஃபோலிங்கிடம் வந்துசேர்ந்தார். அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தபோது அது எதிர்பாராத வகையில் பச்சை நிறமாக மாறியதைக் கண்ட ஃபோலிங், பல மாதிரிகளைச் சேகரித்துப் பிரித்தெடுத்து ஆராய்ந்து, பீனைல்பைருவிக் அமிலமே அந்த நிறத்துக்குக் காரணம் என்று நிறுவினார். பீனைல்கீட்டோன்யூரியா, சுருக்கமாகப் பி.கே.யூ., என்று பின்னாளில் பெயர்பெற்ற அந்த நோயில், புரதத்தின் ஓர் அங்கமான பீனைல்அலனைன் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதி குழந்தையின் ஈரலில் செயல்படுவதில்லை; பாலிலும் பருப்பிலும் உள்ள அந்தச் சத்தே உடலில் தேங்கி, மூளைக்கு நஞ்சாகிறது. நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் பேர்ல் பக்கின் மகளைப் பாதித்ததும் இந்த நோய்தான்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஹோர்ஸ்ட் பிக்கலும் அவருடைய சக மருத்துவர்களும் 1950களின் தொடக்கத்தில், பீனைல்அலனைன் குறைக்கப்பட்ட தனி உணவைத் தயாரித்து, அது நோயின் போக்கை மாற்றுவதைக் காட்டினார்கள். அவர்களை அந்த முயற்சிக்கு ஓயாமல் நெருக்கியவரும் ஒரு தாய்தான். ஆனால், அந்த உணவால் அதுவரை சேதமடைந்த மூளையைத் திருத்த முடியவில்லை. சேதம் தொடங்கும் முன்பே கண்டுபிடிக்கும் வழி வேண்டியிருந்தது.

அந்த வழியைத் தந்தவர் அமெரிக்காவின் பஃபலோ நகரைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கத்ரி. அவருடைய மகன் அறிவுத்திறன் குறைபாட்டோடு வளர்ந்தவர். அவருடைய மனைவியின் சகோதரியின் மகளுக்கு, காலங்கடந்த பின்னரே, பதினைந்து மாத வயதில், பி.கே.யூ. உறுதிசெய்யப்பட்டது. கத்ரியின் முறை எளிமையின் உச்சம் எனலாம். பேசிலஸ் சப்டிலிஸ் என்ற தீங்கற்ற பாக்டீரியாவை அகர் கூழில் கலந்து, அதன் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருளையும் சேர்த்துத் தட்டில் பரப்ப வேண்டும். குழந்தையின் ரத்தம் உலர்ந்த வடிதாளிலிருந்து சின்னஞ்சிறு வட்டத்தைத் துளையிட்டு எடுத்து அதன்மேல் வைக்க வேண்டும். ரத்தத்தில் பீனைல்அலனைன் மிகுந்திருந்தால் அது அந்தத் தடையை முறியடித்து, மறுநாள் காலையில் வட்டத்தைச் சுற்றிலும் பாக்டீரியா வளர்ந்த வெண்ணிற வளையம் தெரியும். வளையத்தின் அகலமே பீனைல்அலனைனின் அளவைச் சொல்லிவிடும். ஒரே தட்டில் பல குழந்தைகளின் மாதிரிகளைச் சோதிக்க முடிந்தது. அமெரிக்காவின் 29 மாநிலங்களில் ஏறத்தாழ நான்கு லட்சம் குழந்தைகளிடம் இம்முறை சோதிக்கப்பட்டு, 39 பேருக்குப் பி.கே.யூ. கண்டறியப்பட்டது, மாசசூசெட்ஸ் மாநிலம் 1963இல் இப்பரிசோதனையைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. தயாரிப்பு உரிமையைப் பெற்ற நிறுவனம் பரிசோதனைத் தொகுப்புக்கு அடக்கவிலையைப் போலப் பல மடங்கு விலை வைக்க முனைந்தபோது, கத்ரி வெளிப்படையாக எதிர்த்துப் போராடினார் என்பதும் இந்த வரலாற்றில் பதியத்தக்கது.

கத்ரியின் பாக்டீரியாத் தட்டு இன்று வழக்கொழிந்துவிட்டது; அவருடைய வடிதாள் நிலைத்துவிட்டது. ரத்தத்தைக் குப்பியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்து அனுப்பும் தேவையை அந்தத் தாள் அகற்றியதால், மலைக்கிராமத்தில் பிறந்த குழந்தையின் ரத்தமும் சாதாரண அஞ்சல் உறையில் தலைநகர ஆய்வகத்தை அடைய முடிந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஜான் துசோ 1970களின் முற்பாதியில் அதே உலர்ந்த ரத்தப் பொட்டிலிருந்து தைராக்ஸினை அளக்கும் முறையை உருவாக்கினார். தைராய்டு குறைபாடு பி.கே.யூ.வைக் காட்டிலும் பல மடங்கு மிகுதியானது என்பது அதன்பின் தெளிவாயிற்று. மூலக்கூறுகளை அவற்றின் எடையைக் கொண்டு இனங்காணும் இரட்டை நிறை நிறமாலைமானி 1990களில் இத்துறைக்கு வந்தபோது, ஒரே பொட்டிலிருந்து சில நிமிடங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட வளர்சிதை மாற்ற நோய்களைத் தேட முடிந்தது. அவற்றுள் சிலவற்றின் சிகிச்சை வியப்பூட்டும் அளவுக்கு எளியது: கொழுப்பை எரித்து ஆற்றலாக்கும் நொதி குறைந்த குழந்தையை நீண்ட நேரம் பட்டினி கிடக்க விடாமல் பார்த்துக்கொண்டாலே போதும், பயோட்டின் என்ற வைட்டமினை மறுசுழற்சி செய்ய முடியாத குழந்தைக்கு அந்த வைட்டமினையே மருந்தாகக் கொடுத்தால் போதும்.

குதிகாலில் ஒரு துளி

பரிசோதனையின் தரம் ஆய்வகக் கருவியில் தொடங்குவதில்லை. பிரசவ வார்டில் செவிலியரின் கையில் தொடங்குகிறது. குழந்தையின் குதிகாலை வெதுவெதுப்பான ஈரத்துணியால் சற்று நேரம் ஒற்றி, சுத்தம் செய்து, குதிகாலின் நடுப்பகுதியைத் தவிர்த்து இருபக்க ஓரங்களில் ஒன்றில் மட்டுமே, இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாத ஆழத்தில் குத்த வேண்டும். நடுவில் குத்தினால் எலும்பில் படும் ஆபத்து உண்டு. முதல் துளியைப் பஞ்சால் துடைத்துவிட்டு, அடுத்துத் திரளும் பெரிய துளியை வடிதாளில் அச்சிட்ட வட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் தொடவிட்டு, அது மறுபக்கம் வரை ஊறி வட்டத்தை நிரப்பும்வரை பொறுக்க வேண்டும். ஒரு துளியின்மேல் இன்னொரு துளியை அடுக்கினாலும், குதிகாலைப் பிழிந்து எடுத்தாலும், அளவு தவறிவிடும். பின்னர் தாளைக் கிடைமட்டமாக, வெயில் படாத இடத்தில், மூன்று நான்கு மணிநேரம் உலர்த்த வேண்டும். ஈரம் காயாமல் உறையிலிட்டால் மாதிரி கெட்டுவிடும். மழைக்காலத்தில் கடலோர மருத்துவமனைகளில் இந்த உலர்த்துதல் ஒன்றே பெரிய பாடாகிவிடும்.

குத்தும் நேரமும் முக்கியம். வெளியுலகின் குளிருக்கு உடல் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும்போது, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் எல்லாக் குழந்தைகளிடமும் பிறந்த அரை மணிநேரத்தில் உச்சத்துக்கு ஏறி, அடுத்த ஓரிரு நாட்களில் இறங்குகிறது. சுரப்பி வேலை செய்யாத குழந்தையிடம் மட்டும் அது இறங்காமல் நிற்கும். எனவே 48 மணிநேரத்துக்கு முன் எடுத்த ரத்தம் நலமான குழந்தையையும் நோயாளியாகக் காட்டக்கூடும். பிரசவத்தின்போது தாயின் உடலில் பூசிய அயோடின் கலந்த கிருமிநாசினியும் சில வேளைகளில் அவ்வாறே ஏமாற்றும். மறுநாளே வீட்டுக்குப் புறப்பட்டுவிடும் குடும்பங்கள் மிகுந்த நம் நாட்டில் இதற்கு மாற்றாக, பிறந்த கணத்தில் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சோதிப்பதையும் இந்தியக் குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் அமைப்பு ஏற்றுக்கொள்கிறது. குழந்தைக்கு வலியில்லை; வெட்டி எறியும் கொடியிலேயே மாதிரி கிடைத்துவிடுகிறது. ஆனால், தைராய்டைத் தவிர மற்ற நோய்கள் பலவற்றுக்கு அது பயன்படாது.

சென்னை காட்டிய எண்கள்

இந்தியாவில் இத்தகைய முயற்சி புதியதன்று. பெங்களூரில் 1980களிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அமினோ அமில நோய்கள் தேடப்பட்டன. எனினும் நாடு தழுவிய படத்தைத் தந்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வே. டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், சென்னை ஆகிய ஐந்து மையங்களில் 1,04,066 குழந்தைகளைச் சோதித்த அந்த ஆய்வு, 1,130 குழந்தைகளுக்கு ஒருவர் பிறவித் தைராய்டு குறைபாட்டோடு பிறப்பதாகக் காட்டியது; மேலைநாடுகளில் நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த விகிதம் மூவாயிரம், நான்காயிரத்துக்கு ஒன்று என்பதோடு ஒப்பிட்டால் இதன் கனம் விளங்கும். சென்னை மையத்தில் அந்த விகிதம் 727க்கு ஒன்று. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிறக்கும் எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகளுக்கு இந்திய சராசரியைப் பொருத்திப் பார்த்தாலே, ஆண்டுக்கு ஏறத்தாழ எழுநூறு முதல் எண்ணூறு குழந்தைகள் இந்த ஒரு நோயோடு பிறக்கிறார்கள் என்று கணக்காகிறது.

அதே ஆய்வு தேடிய இரண்டாவது நோய், பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி. சிறுநீரகங்களின்மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஒரு நொதி குறைவதால், உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஹார்மோன் சுரக்காமல், ஆண் தன்மைக்குரிய ஹார்மோன் மிகுந்துவிடுகிறது. பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பு ஆண்போலத் தோற்றமளிப்பதால், அவர்களை ஆணாகவே எண்ணி வளர்த்த குடும்பங்கள் உண்டு. ஆண் குழந்தைகளிடமோ எந்த வேறுபாடும் தெரிவதில்லை. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாந்தியும் எடைக்குறைவுமாகத் தொடங்கி, உப்பிழப்பால் நினைவிழந்து இறந்துவிடுகிறார்கள். வயிற்றுப்போக்கு, கிருமித்தொற்று என்று காரணம் எழுதப்பட்டுவிடுவதால் அந்த இறப்புகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இந்த நோய் ஐந்து மையங்களின் சராசரியில் 5,762க்கு ஒன்றாகவும், சென்னையில் 2,036க்கு ஒன்றாகவும் காணப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணுக் குறை வந்துசேர்ந்தால்தான் இது வெளிப்படும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் ரத்த உறவுக்குள் நடப்பவை என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும். ஒன்றுதான் மற்றதற்கு முழுக் காரணம் என்று இவ்வெண்களை மட்டும் வைத்து முடிவுகட்டிவிடவும் கூடாது.

மூன்றாவதாக, ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு. ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைவிலிருந்து காக்கும் இந்த நொதி குறைந்தவர்கள் சில மருந்துகளையும் பொருள்களையும் தவிர்த்தாலே நலமாக வாழலாம், மாத்திரைகூடத் தேவையில்லை. தவிர்க்க வேண்டியவற்றுள் மலேரியாவுக்கான பிரைமாகுயின் ஒன்று. பாச்சை உருண்டை இன்னொன்று. பிறந்த குழந்தையைப் பழைய மெல்லிய பருத்தித் துணியில் பொதிவது நம் வீடுகளின் வழக்கம். பாச்சை உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்த பாட்டியின் சேலையைத் துவைக்காமல் எடுத்து அணைத்தால், அந்த வாடையே இந்தக் குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுக்களை உடைத்து, மூளையைத் தாக்கும் அளவுக்குக் காமாலையை முற்றச் செய்துவிடக்கூடும்.

தமிழ் நிலத்தோடு நேரடித் தொடர்புடைய இன்னொரு நோயும் உண்டு. இந்தியாவில் அரிவாள் செல் சோகை முதன்முதலில் 1952இல் பதிவானது நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து நாளங்களை அடைக்கும் அந்நோயுள்ள குழந்தைகளுக்கு, முன்கூட்டியே பென்சிலின் கொடுத்துவந்தால் உயிர்கொல்லித் தொற்றுகள் பெருமளவு குறைகின்றன என்பதை 1986இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஐயமற நிறுவியது.

எதைத் தேடுவது, எதை விடுவது

கருவியால் கண்டுபிடிக்க முடிகிற எல்லாவற்றையும் தேடிவிடலாம் என்ற ஆசை இத்துறையில் எப்போதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968இல் வகுத்த நெறிகள், நோய் முக்கியமானதாகவும், அதன் போக்கு அறியப்பட்டதாகவும், ஏற்கத்தக்க சிகிச்சை உள்ளதாகவும் இருந்தால் மட்டுமே தேட வேண்டும் என்று கூறின. இதை மீறினால் என்ன நேரும் என்பதை ஜப்பான் பட்டறிந்தது. நியூரோபிளாஸ்டோமா என்னும் குழந்தைப் புற்றுநோயை ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரில் தேடும் திட்டத்தை அந்நாடு 1980களின் நடுவில் தொடங்கியது. நிறையக் கட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டன. நிறைய அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. ஆனால், அவற்றுள் பல தாமாகவே மறைந்துபோயிருக்கக்கூடிய கட்டிகள். கனடாவிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள் இத்தகைய தேடலால் இறப்பு குறையவில்லை என்று காட்டிய பின், 2004இல் ஜப்பான் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

இந்தப் பின்னணியில் பார்க்கும்போது, ஐம்பது நோய்களுக்கான பரிசோதனை என்று சில தனியார் மருத்துவமனைகளில் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படும் தொகுப்பும், அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு ஒரு டி.எஸ்.எச். பரிசோதனைகூட உறுதியில்லாத நிலையும் ஒரே நாட்டில் அருகருகே இருப்பது பெரும் அநீதி. மேலைநாடுகள் பி.கே.யூ.வில் தொடங்கின என்பதற்காக இந்தியாவும் அங்கே தொடங்க வேண்டியதில்லை. நம் குழந்தைகளிடம் மிகுந்து காணப்படுவதும், மிக மலிவாகக் கட்டுப்படுத்தக்கூடியதுமான தைராய்டு குறைபாடே முதலிடத்துக்கு உரியது. முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கான 16 கோடி ரூபாய் ஊசிக்காகப் பெற்றோர் ஊரெல்லாம் கையேந்தி நின்ற செய்திகளைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அந்தத் துயரம் உண்மையானது. ஓரிரு ரூபாய் மாத்திரை கிடைக்காததால் அறிவுத்திறனை இழக்கும் குழந்தைகளுக்காக எந்தச் செய்தியும் வருவதில்லை என்பதும் அதே அளவு உண்மையானது.

நாடு முழுமைக்கும் கட்டாயமான திட்டம் இந்தியாவில் இல்லை. கோவா 2008இல் தொடங்கியது. கேரளம் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு உடற்குறை, இதயம், செவித்திறன், வளர்சிதை நோய் என்று அனைத்தையும் ஒரே குடையின்கீழ் சோதிக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிறவிக் குறைகளைத் தேடும் பொறுப்பை மாநிலங்களுக்குத் தந்திருக்கிறது. செல்வ வளம் மிக்க நாடு என்று சொல்லிவிட முடியாத பிலிப்பைன்ஸ், 2004இலேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, தன் ஆயிரக்கணக்கான தீவுகளிலிருந்தும் வடிதாள்களைச் சேகரிக்கும் ஏற்பாட்டைக் கட்டியெழுப்பியிருக்கிறது.

பரிசோதனைக்குப் பிறகு

எந்தத் திட்டமும் தோற்பது ஆய்வகத்தில் அன்று. ஆய்வகத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான வழியில்தான். ஒரு லட்சம் குழந்தைகளைச் சோதித்து, நூற்றுக்கு ஒருவரை மறுபரிசோதனைக்கு அழைப்பதாக வைத்துக்கொண்டால், அழைக்கப்படும் ஆயிரம் பேரில் உண்மையில் நோயுள்ளவர்கள் தொண்ணூறு பேரை ஒட்டியே இருப்பார்கள். மற்றவர்களின் பெற்றோருக்கு, இது ஐயம் மட்டுமே என்பதை அழைக்கும்போதே பொறுமையாக விளக்க வேண்டும். நோயுள்ள தொண்ணூறு பேரில் ஒருவரையும் தவறவிடக் கூடாது. இங்கே நம் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கும் பெண்ணின் மருத்துவமனைப் பதிவில் கணவன் வீட்டு முகவரியும் கணவனின் கைபேசி எண்ணும் இருக்கும். குழந்தையோ வேறு மாவட்டத்தில், பாட்டியின் மடியில் இருக்கும். அழைப்பு கணவனுக்குப் போய், அவர் வேலைக்கு நடுவே பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தால், பதினான்கு நாட்கள் கடந்துவிடும். வேலைக்காக ஊர்விட்டு ஊர் பெயரும் செங்கல்சூளை, கட்டடத் தொழிலாளர் குடும்பங்களின் நிலை இதனினும் கடினம்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத் தேவையான அடித்தளம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. இங்கே ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் தரப்பட்டு, தடுப்பூசி வரை குழந்தை பின்தொடரப்படுகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் அந்தத் தெருவையும் அந்த வீட்டையும் அறிந்தவர். வடிதாளில் பிக்மி எண்ணை எழுதி, முடிவை அதே பதிவில் ஏற்றி, ஐயத்துக்குரிய முடிவு வந்த அன்றே குழந்தை இருக்கும் ஊரின் செவிலியருக்குத் தகவல் போகுமாறு செய்வதற்குப் புதிய அதிகாரியோ புதிய கட்டடமோ தேவையில்லை. அதன்பின் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடையின்றிக் கிடைக்க வேண்டும். குழந்தை வளர வளர மருந்தின் அளவை மாற்ற ரத்தப் பரிசோதனை தொடர வேண்டும். குழந்தை நன்றாக இருக்கிறதே என்று பெற்றோர் தாமாக மருந்தை நிறுத்திவிடுவது அடிக்கடி நேரும் தவறு. சிலருக்கு இக்குறை தற்காலிகமானது என்பது உண்மையே ஆயினும், அதை மூன்று வயதுக்குப் பின் மருத்துவர்தான் மருந்தை நிறுத்திப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

சேகரித்த ரத்தப் பொட்டுகளை என்ன செய்வது என்பதையும் தொடக்கத்திலேயே சட்டத்தால் வரையறுத்துவிடுவது நல்லது. பெற்றோரின் ஒப்புதலின்றி அவற்றை ஆராய்ச்சிக்காகச் சேமித்துவைத்த அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், 2009இல் தொடுக்கப்பட்ட வழக்குக்குப் பின் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை அழிக்க நேர்ந்தது. நம்பிக்கை ஒருமுறை கெட்டால், அடுத்த குழந்தையின் குதிகாலைத் தொடவே பெற்றோர் விடமாட்டார்கள்.

ஒரு மாநிலத்தின் திட்டம் வெற்றிபெற்றதா என்பதை எத்தனை லட்சம் குழந்தைகளிடம் ரத்தம் எடுக்கப்பட்டது என்ற எண்ணால் அளக்கக் கூடாது. நோய் உறுதியான குழந்தைகளில் எத்தனை பேர் பதினான்காம் நாளுக்குள் முதல் மாத்திரையை விழுங்கினார்கள் என்ற எண்ணை ஆண்டுதோறும் மாவட்டவாரியாக அரசு வெளியிட வேண்டும். அதுவரை, வீட்டில் பிரசவத்தை எதிர்நோக்கும் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மருத்துவமனையிலிருந்து புறப்படும் முன், குழந்தைக்கு டி.எஸ்.எச். பரிசோதனை எடுக்கப்பட்டதா, முடிவு எந்த நாளில் வரும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதைக் கேட்டு டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த ஒரு மாதம் குழந்தை எந்த வீட்டில் இருக்குமோ அந்த வீட்டின் முகவரியையும் கைபேசி எண்ணையும் அங்கே பதிவுசெய்யுங்கள்.